மூன்றாவது கரண்டி

(மேற்படிப்புக்கு வெளிநாடு செல்லும் மாணவர்களுக்காகக் கும்பகோணத்தில் நடந்த வழியனுப்புக் கூட்டத்தில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். விசா, வங்கிக் கணக்கு, அறை பிடிப்பது பற்றியெல்லாம் பேசச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். அதையெல்லாம் உங்கள் சீனியர்கள் வாட்ஸ்அப்பில் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். நான் ஊர் நினைப்பைப் பற்றிப் பேசிவிட்டுப் போகிறேன்.

நம்மூர்க்காரர் ஒருவரிடமிருந்து தொடங்கலாம். சாரங்கபாணி சன்னதித் தெருவில் அவர் வீடு இருக்கிறது, இங்கிருந்து நடந்தே போய்விடலாம். ராமானுஜன் 1914 மார்ச் 17 அன்று சென்னையில் கப்பல் ஏறி, ஏப்ரல் 14 அன்று லண்டன் போய்ச் சேர்ந்தார். அவருடைய கணக்கைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை கிடையாது. போர்வையைப் பற்றிப் பேசலாம்.

கேம்பிரிட்ஜ் குளிர் தாங்காமல் ராத்திரியில் ஓவர்கோட்டைப் போட்டு, சால்வையையும் சுற்றிக்கொண்டு படுத்தாராம். பார்க்க வந்தவர் மகலனோபிஸ். பின்னாளில் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தொடங்கியவர், அப்போது அங்கே மாணவர். கட்டிலைப் பார்த்தால் கம்பளிகள் மெத்தைக்கடியில் செருகியது செருகியபடியே இருக்கின்றன. மேலே ஒரு விரிப்பு. அந்த விரிப்புக்கும் கம்பளிகளுக்கும் நடுவில்தான் நம்மாள் படுத்திருக்கிறார். கம்பளியை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவரும் யாரையும் கேட்கவில்லை. குளிரைவிட இந்த இரண்டாவது விஷயம்தான் ஆளைக் கொல்லும்.

அப்புறம் அந்த ரசக் கதை. தன் அறையிலேயே தனியாகச் சமைத்துச் சாப்பிட்டவர் அவர். ஒருநாள் சாட்டர்ஜி என்ற நண்பரையும், அவர் மணக்கவிருந்த பெண்ணையும், இன்னொரு பெண்ணையும் விருந்துக்கு அழைத்தார். ரசம் பரிமாறினார். குடித்தார்கள். இரண்டாவது முறை ஊற்றினார், அதையும் குடித்தார்கள். மூன்றாவது முறை வந்தபோது பெண்கள் வேண்டாம் என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் ஆளைக் காணோம். கீழே விசாரித்தால், டாக்ஸி வரவழைத்துப் போய்விட்டார் என்கிறார்கள். நாலைந்து நாள் கழித்து ஆக்ஸ்போர்டிலிருந்து தந்தி வருகிறது: பணம் அனுப்பவும்.

நானும் இதைப் படித்துச் சிரித்தவன்தான். பெரிய மேதை, சின்னப் பிள்ளை மாதிரி கோபித்துக்கொண்டாரே என்று. 2016 அக்டோபரில் ஜெர்மனியில் ஆஹன் நகரத்துக்குப் படிக்கப் போகும்வரை சிரித்தேன்.

ஊர் நினைப்பு விமான நிலையத்தில் வராது. அங்கே அழுவது அம்மா, நமக்குப் பெட்டி எடை கவலை. முதல் மாதமும் வராது. அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். மூன்றரை மணி நேரமாக இருந்த வித்தியாசம் நாலரை ஆகும். நான் வகுப்பு முடிந்து அறைக்கு வந்து போனை எடுத்தால் வீட்டில் தூங்கிவிட்டிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டு. ஜெர்மன்காரர்கள் இதற்கு 'ஹைம்வே' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பிரித்தால் வீடு, வலி. தலைவலி, வயிற்றுவலி மாதிரி வீட்டுவலி. எனக்குப் பிடித்த ஒரே ஜெர்மன் சொல்.

வலி வந்தவன் என்ன செய்வான்? ஊர் சுற்றுவான். ஆஹன் பக்கத்திலேயே ஜெர்மனி, நெதர்லாந்து, பெல்ஜியம் மூன்றும் சந்திக்கும் குன்று இருக்கிறது. எல்லைக்கல்லைக் கட்டிப்பிடித்துச் சிரித்தபடி ஒரு படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். மூன்று நாட்டில் ஒரே நேரத்தில் நிற்கிறேன் என்று எழுதினேன். "ஏன்டா இளைச்சுட்டே?" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு வெயிலில் நின்று எடுத்த படங்களை மட்டும் அனுப்பினேன். ராமானுஜனும் முதல் வருடம் வீட்டுக்கு மாதம் மூன்று நாலு கடிதம் எழுதியவர்தான். 1917 வாக்கில், நோயில் விழுந்த காலத்தில், எழுதுவதையே ஏறக்குறைய விட்டுவிட்டார்.

சரி, என் கதைக்கு வருகிறேன். அப்போது மாணவர் பயணச்சீட்டு இருந்தால் ஆஹன் இருக்கும் மாநிலம் முழுக்க ரயிலில் போக முடிந்தது. ஆர்ஈ 1 என்ற ரயில் ஆஹனில் புறப்பட்டு, கொலோன், டார்ட்மண்ட் வழியாக ஹாம் வரை போகும், ஏறக்குறைய மூன்று மணி நேரம். ஹாமில் ஒரு காமாட்சி அம்மன் கோயில் இருக்கிறது. ஈழத்தமிழர்கள் கட்டியது, 2002இல் குடமுழுக்கு நடந்தது. தொழிற்பேட்டைக்குள், பனியில், 17 மீட்டர் ராஜகோபுரம். தீர்த்தத் திருவிழாவை அங்குள்ள கால்வாயில் நடத்துகிறார்கள் என்றால் பாருங்கள்.

பொங்கல் கழிந்த ஞாயிறு போனேன். பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த அம்மா ஒருவர், "தம்பி எந்த இடம்?" என்றார். சொன்னேன். "எப்ப ஊருக்குப் போறியள்?" ஆகஸ்டில் என்றேன். அவர் 1986இல் வந்தவராம். "அம்மா செத்ததுக்கும் போகேல்லை" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு கரண்டி கத்தரிக்காய்க் குழம்பு ஊற்றினார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கிளம்பும்போது ஒரு கிலோ தயிர் வாளியில் சோறும் குழம்பும் கட்டிக் கொடுத்தார். "வாளியைத் திருப்பித் தரவேணும்" என்றார்.

பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது, நம் வீடுகளில் இது சட்டம். மூன்று மாதமாக முட்டையும் ரொட்டியும் தின்றுகொண்டிருந்தவன், அன்றுதான் இன்னொருவருக்காகச் சமைத்தேன். ஜெர்மன் ரவை, வெண்ணெய், சர்க்கரை, ஊரிலிருந்து கொண்டுபோன முந்திரி. முதல் தடவை பாறையாகிவிட்டது. இரண்டாவது தடவை கேசரி என்று சொல்லலாம்.

அடுத்த மாதம் வாளியோடு போனேன். அந்த அம்மா நின்றபடியே ஒரு வாய் எடுத்தார். இன்னொரு வாய் எடுத்தார். மூன்றாவது கரண்டியை நீட்டினேன். "சீனி கூடிப்போச்சு தம்பி, காணும்" என்றார். அவர்கள் பக்கம் காணும் என்றால் போதும் என்று அர்த்தம்.

நான் ஆக்ஸ்போர்டுக்கெல்லாம் ஓடவில்லை. வாளியில் மறுபடியும் குழம்பை வாங்கிக்கொண்டு ஆர்ஈ 1 பிடித்தேன்.