நெருக்கடி நேரத்தில் யாருடைய சொல்லை நம்புவது?

வணக்கம் நேயர்களே. 2022 ஜூலை நடுப்பகுதியில் இலங்கையில் ஏறத்தாழ எல்லோர் வாயிலும் ஒரே கேள்விதான் இருந்தது: ஜனாதிபதி பதவி விலகிவிட்டாரா? ஒன்பதாம் திகதி ஜனாதிபதி மாளிகை மக்கள் வசமான பின்னர், கோட்டாபய ராஜபக்ச பதின்மூன்றாம் திகதி விலகுவார் என்று சபாநாயகர் அறிவித்தார். பதின்மூன்றாம் திகதி அதிகாலை ஜனாதிபதி விமானப்படை விமானத்தில் மாலைதீவுக்குச் சென்றார். பிரதமர் ரணில் விக்கிரமசிங்க பதில் ஜனாதிபதியானார். விலகல் கடிதம் மட்டும் வரவில்லை. அது சிங்கப்பூரிலிருந்து மின்னஞ்சலில் பதினான்காம் திகதிதான் வந்தது. சபாநாயகர் அதன் உண்மைத்தன்மையைச் சரிபார்த்து, பதினைந்தாம் திகதி காலையில் அறிவித்தார். இடைப்பட்ட நேரத்தில் அவர் விலகிவிட்டார் என்றும் விலக மறுத்துவிட்டார் என்றும் கைபேசிகளில் செய்திகள் பறந்தன. ஜனாதிபதியின் விலகல் கடிதம் சபாநாயகருக்கே முகவரியிடப்பட வேண்டும் என்பது அரசியலமைப்பின் 38ஆம் உறுப்புரை. அதை அறிந்தவர், கடிதம் சபாநாயகர் கைக்குக் கிடைத்ததா என்ற ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டு, மற்றவற்றைப் புறந்தள்ளியிருக்கலாம்.

நான் சொல்ல வருவது இதுதான்: ஒரு செய்தி வந்தால், இதைச் சொல்லும் அதிகாரம் யாருக்கு உண்டு, அவர் அதை எந்த ஆவணத்தில் சொன்னார் என்று முதலில் பார்க்க வேண்டும். அதிகாரிகள் சொன்னதாலேயே ஒன்று சட்டமாகிவிடாது என்பதும் இதில் அடங்கும். அதே ஜூலை 8ஆம் திகதி இரவு, மேல் மாகாணத்தின் பல பகுதிகளில் பொலிஸார் ஊரடங்கை அறிவித்தார்கள். பொலிஸ் ஊரடங்கு என்று சட்டத்தில் எதுவும் இல்லை என இலங்கைச் சட்டத்தரணிகள் சங்கம் எடுத்துரைத்தது. மறுநாள் காலை அது நீக்கப்பட்டது. இத்தகைய உத்தரவுக்கு அரசின் அதிகாரபூர்வ அறிவித்தலான அதிவிசேட வர்த்தமானி வெளிவந்ததா என்று கேட்பது வெறும் சட்ட நுணுக்கம் அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. வர்த்தமானிகளை அரச அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் எவரும் பார்க்கலாம். தமிழ்ப் பிரதி பிந்தி வருவது நமக்குப் பழகிப்போன குறை. பழகிவிட்டது என்பதற்காக அது சரியாகிவிடாது.

இணையம் எப்போதும் திறந்திருக்கும் என்றும் எண்ண வேண்டாம். 2022 ஏப்ரல் 3ஆம் திகதி முகநூல், வாட்ஸ்அப், யூடியூப் உள்ளிட்ட தளங்கள் ஏறத்தாழ பதினைந்து மணித்தியாலங்கள் முடக்கப்பட்டன. அதற்குச் சில நாட்களுக்கு முன்னர்தான் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. வானொலியில் பேசுவதால் வானொலியைப் புகழ்கிறேன் என்று நினைக்க வேண்டாம்; மின்கலத்தில் இயங்கும் ஒரு சிறிய பெட்டி அந்த நாட்களில் வீட்டில் இருந்திருக்க வேண்டிய பொருள்.

தகவலைவிட அவசரமானது உதவி. அந்த ஆண்டு மார்ச் 31ஆம் திகதி இரவு மிரிஹானவில், ஜனாதிபதியின் வீட்டருகே நடந்த ஆர்ப்பாட்டத்தில் கைதானவர்களுக்காகச் சட்டத்தரணிகள் பெரும் எண்ணிக்கையில், கட்டணம் வாங்காமல் முன்வந்தார்கள். வீட்டில் ஒருவர் கைதானால், எந்தப் பொலிஸ் நிலையம், எத்தனை மணிக்கு, யார் அழைத்துச் சென்றார்கள் என்பவற்றைக் குறித்து வையுங்கள். இவை இல்லாமல் சட்டத்தரணியாலும் அதிகம் செய்ய முடியாது. அவசரகால விதிகளின் கீழோ பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழோ ஒருவர் கைது செய்யப்பட்டால், 48 மணித்தியாலங்களுக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டியது கைது செய்தவர்களின் கடமை. அவர்கள் அறிவிக்கும்வரை காத்திராமல், ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கு நீங்களே அழையுங்கள். புரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையொப்பமிட வேண்டாம் என்று உள்ளே இருப்பவருக்குச் சட்டத்தரணி மூலமாவது சொல்லி அனுப்புங்கள்.

இரவும் பகலும் செய்தி பார்த்து உறக்கம் கெட்டுப்போனவர்களும் உதவி கேட்கத் தயங்க வேண்டாம். தேசிய மனநல உதவிச் சேவையின் இலக்கம் 1926. நன்றி, வணக்கம்.