காத்திருக்கத் தெரிந்த ஆசிரியர்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

கல்வித் தத்துவங்களுள் ஒன்றான இயற்கைவாதத்தைப் பற்றிப் பேசுமாறு என்னை அழைத்திருக்கிறார்கள். ஆசிரியப் பயிற்சி மாணவர்களுக்கு இந்தப் பாடத்தைப் பல ஆண்டுகள் நடத்தியவள் நான். தேர்வுத் தாள்களில் மீண்டும் மீண்டும் நான் கண்ட ஒரு விடையிலிருந்தே இந்த உரையைத் தொடங்குகிறேன். "குழந்தையை அதன் போக்கில் விட்டுவிட வேண்டும், ஆசிரியர் குறுக்கிடக் கூடாது என்பதே இயற்கைவாதம்" என்று எழுதிவிட்டு மாணவர்கள் அடுத்த வினாவுக்குப் போய்விடுவார்கள். அந்த விடையில் பாதி உண்மை உண்டு. எழுதப்படாமல் போகும் மறு பாதியே இந்தத் தத்துவத்தின் உயிர் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மெய்யியலில் இயற்கைவாதம் என்பது, உலகில் நிகழ்வன யாவற்றையும் இயற்கையின் விதிகளைக் கொண்டே விளக்கிவிடலாம், இயற்கைக்கு அப்பாற்பட்ட ஒன்றைத் துணைக்கு அழைக்கத் தேவையில்லை என்னும் கொள்கை. அறிவு புலன்களின் வழியாகவே வருகிறது என்பது அதனோடு ஒட்டிய கருத்து. ஆனால் கல்வியில் இயற்கைவாதத்தின் தந்தை என்று போற்றப்படும், பிரெஞ்சு மொழியில் எழுதிய தத்துவ அறிஞர் ரூசோ, இந்தப் பொருளில் இயற்கைவாதி அல்லர். அவர் இறை நம்பிக்கை உடையவர். படைத்தவனின் கையிலிருந்து வரும்போது எல்லாம் நன்றாகவே இருக்கின்றன, மனிதனின் கையில்தான் அவை கெடுகின்றன என்பதே அவரது கல்வி நூலின் முதல் வாக்கியம். பாடநூல்கள் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுவதால் மாணவர்கள் பெரிதும் குழம்புகிறார்கள். கல்வியில் இயற்கை என்ற சொல், முதன்மையாக, குழந்தையின் இயல்பையும் அது வளரும் ஒழுங்கையும் குறிக்கிறது. மரங்களும் மலைகளும் அதற்கு அடுத்த இடத்தில்தான் வருகின்றன.

ழான் ழாக் ரூசோ 1712ஆம் ஆண்டு ஜெனீவாவில் பிறந்தார். பிறந்த சில நாள்களிலேயே தாயை இழந்தார். எமில் என்ற கற்பனைச் சிறுவனை ஓர் ஆசிரியர் வளர்த்துக் கற்பிப்பதாக அவர் எழுதிய 'எமில்' என்ற அந்தக் கல்வி நூல் 1762இல் வெளிவந்தது. பிறந்த குழந்தையின் கைகால்களை அசையவிடாமல் துணியால் இறுகச் சுற்றி வைப்பதும், வசதியுள்ள தாய்மார் குழந்தையைக் கூலிக்குப் பாலூட்டும் செவிலியிடம் அனுப்பிவிடுவதும், சிறுவர்களுக்குப் பெரியவர்களின் உடையை அளவு குறைத்து அணிவித்து, பொருள் விளங்காத பாடங்களை நெட்டுருச் செய்யவைப்பதும் ஐரோப்பாவில் வழக்கமாக இருந்த காலம் அது. குழந்தை என்றால் உருவத்தில் சிறிய பெரியவர் என்ற எண்ணமே இவை அனைத்திலும் ஊடுருவி நின்றது. குழந்தைப் பருவத்துக்கு அதற்கே உரிய பார்வையும் சிந்தனையும் உணர்வும் உண்டு என்று ரூசோ எழுதியபோது, அந்த எண்ணத்தின் வேரிலேயே கைவைத்தார். நூல் வெளிவந்த சில வாரங்களுக்குள் பாரிஸிலும் ஜெனீவாவிலும் எரிக்கப்பட்டது. ரூசோ கைதுக்குத் தப்பி நாட்டை விட்டு ஓட வேண்டியிருந்தது. எரித்தவர்களைச் சினங்கொள்ளச் செய்தது நூலின் நான்காம் பகுதியில் உள்ள சமயச் சிந்தனைகள். குழந்தை வளர்ப்பைப் பற்றிய பகுதிகளோ தாய்மார்களின் கைகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

மூன்று ஆசிரியர்கள் நமக்குக் கற்பிக்கிறார்கள் என்கிறார் ரூசோ: இயற்கை, மனிதர்கள், பொருள்கள். நம் உறுப்புகளும் ஆற்றல்களும் உள்ளிருந்து வளர்வது இயற்கை தரும் கல்வி. அந்த வளர்ச்சியைப் பயன்படுத்தச் சொல்லித் தருவது மனிதர் தரும் கல்வி. தொட்டும் பட்டும் அடையும் அனுபவம் பொருள்கள் தரும் கல்வி. இவற்றுள் முதலாவது நம் பிடியில் இல்லவே இல்லை. மூன்றாவது ஓரளவுக்கே நம் கையில் இருக்கிறது. ஆகவே, மூன்றும் ஒரே திசையில் செல்ல வேண்டுமானால், மாற்ற முடியாத முதலாவதைப் பின்பற்றியே மற்ற இரண்டும் நடக்க வேண்டும். இயற்கையைப் பின்பற்றுவது என்று அவர் சொன்னதன் பொருள் இதுதான். இது உணர்ச்சிப் பெருக்கில் பிறந்த முழக்கமாக எனக்குத் தோன்றவில்லை. நன்கு எண்ணிப் பார்த்து வந்தடைந்த முடிவு.

இனி, எல்லாரும் தவறாகப் புரிந்துகொள்ளும் ரூசோவின் எதிர்மறைக் கல்விக்கு வருகிறேன். பன்னிரண்டு வயதுவரை குழந்தைக்கு அறத்தையும் உண்மையையும் சொற்களால் புகட்ட முற்படாதீர்கள், தீமை அதன் மனத்தை அணுகாமலும் பிழை அதன் அறிவைத் தொடாமலும் காத்துக்கொண்டால் போதும் என்பதே அந்தக் கல்வி. கல்வியின் மிகப் பயனுள்ள விதி காலத்தை மிச்சப்படுத்துவது அன்று, காலத்தை இழப்பதே என்று அவர் துணிந்து எழுதினார். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளும் வெறுமையாகக் கழிவதில்லை. எமில் ஓடுகிறான், நீந்தக் கற்கிறான், இருட்டில் கைகளால் தடவிப் பொருள்களை அறிகிறான், தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டுப் பிறகு அளந்து சரிபார்க்கிறான். புலன்களே அவனுடைய பாடநூல்கள். அவன் முதலில் படிக்க அனுமதிக்கப்படும் நூல், பன்னிரண்டு வயதுக்குப் பிறகு வரும் 'ராபின்சன் குரூசோ' கதை ஒன்றுதான். தனித் தீவில் ஒருவன் தன் கைகளால் தேவைகளை நிறைவேற்றிக்கொள்ளும் கதை என்பதே அதற்குக் காரணம்.

பாரிஸுக்கு அருகே உள்ள மோன்மொரன்சி என்ற ஊரின் காட்டில் எமிலுக்கு நேரும் நிகழ்ச்சியை ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் விரிவாகச் சொல்வேன். சூரியனின் போக்கையும் திசைகளையும் ஆசிரியர் விளக்கிக்கொண்டிருக்கும்போது, "இதனால் என்ன பயன்?" என்று எமில் கேட்கிறான். ஆசிரியர் விடை சொல்லாமல் பாடத்தை நிறுத்திவிடுகிறார். மறுநாள் காலை இருவரும் நடக்கப் போகிறார்கள். காட்டில் வழி தவறிவிடுகிறது. வெயில், பசி, களைப்பு எல்லாம் சேர்ந்து சிறுவன் அழத் தொடங்குகிறான். மணி என்ன என்று ஆசிரியர் கேட்கிறார். நண்பகல். காடு ஊருக்கு வடக்கே இருக்கிறது என்று நேற்று இதே நேரத்தில் பார்த்தோமே என்று நினைவூட்டுகிறார். அப்படியானால் ஊர் காட்டுக்குத் தெற்கே இருக்க வேண்டும். தெற்கை எப்படிக் கண்டுபிடிப்பது? நண்பகல் நிழல் வடக்கே விழும், அதற்கு எதிர்த்திசையே தெற்கு. சிறுவன் அந்தத் திசையில் ஓடுகிறான். ஊர் கண்ணில் படுகிறது. வானியல் எதற்கோ பயன்படத்தான் செய்கிறது என்று அவனே கூவுகிறான்.

இந்த நிகழ்ச்சியில் ஆசிரியர் எதையும் செய்யவில்லை என்று யாராவது சொல்ல முடியுமா? ஊரை ஒரு சிறு புதர்க்காடுதான் மறைத்திருந்தது. அது சிறுவனுக்குத் தெரியாது, ஆசிரியருக்குத் தெரியும். முந்தைய நாளின் பேச்சு, புறப்பட்ட நேரம், அழுகையைத் தாங்கிக்கொண்ட பொறுமை, கேட்க வேண்டிய நேரத்தில் கேட்ட ஒற்றைக் கேள்வி ஆகிய அனைத்தும் அவருடைய முன்னேற்பாடுகள். அவர் விலகி நின்றது பேச்சில் மட்டும்தான். சொல்லித் தருவதற்கு அரை மணி நேரம் போதும் என்றால், சொல்லாமல் கற்கவைப்பதற்கு ஒரு நாள் முழுவதும் திட்டமிட வேண்டியிருக்கிறது.

நான் பணியில் சேர்ந்த புதிதில் திசைகளைக் கரும்பலகையில் கற்பித்தேன். மேலே வடக்கு, கீழே தெற்கு என்று படம் வரைந்து காட்டினேன். எல்லாரும் சரியாக ஒப்பித்தார்கள். வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது ஒரு சிறுவன் தலையை நிமிர்த்தி வானத்தைச் சுட்டிக்காட்டி, "அதுதானே வடக்கு?" என்று கேட்டான். நான் கற்பித்ததை அவன் பிழையில்லாமல் கற்றிருந்தான். பிழை என் பாடத்தில் இருந்தது. அவனை வெயிலில் நிறுத்தி அவன் நிழலைப் பார்க்கவைக்க எனக்குத் தோன்றவில்லையே என்ற வருத்தம் இன்றும் எனக்கு உண்டு.

ஒழுக்கக் கல்வியைப் பொறுத்தவரை இந்தத் தத்துவம் எனக்கு முழு நிறைவைத் தரவில்லை. தன் அறைச் சன்னலின் கண்ணாடியைச் சிறுவன் உடைத்துவிட்டால் திட்டாதீர்கள், உடனே புதுக் கண்ணாடி போடவும் செய்யாதீர்கள், இரவும் பகலும் குளிர்காற்று அவன்மேல் வீசட்டும் என்கிறார் ரூசோ. செயலின் இயற்கையான விளைவே தண்டனையாக அமைய வேண்டும் என்னும் இந்தக் கருத்தை, 1861இல் வெளிவந்த தம் கல்வி நூலில் ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஹெர்பர்ட் ஸ்பென்சர் ஒரு முறையாகவே வளர்த்தெடுத்தார். பொம்மைகளைப் பரப்பிய குழந்தையே அவற்றை எடுத்து வைக்க வேண்டும், உலாவப் புறப்படும் நேரத்துக்கு ஆயத்தமாகாத சிறுமி வீட்டில் தங்கிவிட வேண்டும் என்பன அவர் காட்டிய எடுத்துக்காட்டுகள். சினத்தில் அடிப்பதைவிட இது எவ்வளவோ மேலானது. பெரியவரின் மனநிலைக்கு ஏற்பத் தண்டனை மாறாது என்பதும் குழந்தைக்கு நியாயமாகப் படும்.

ஆனால் இயற்கை அளந்து தண்டிப்பதில்லை. சிறு கவனக்குறைவுக்கு உயிரையே எடுத்துக்கொள்வதும் உண்டு, பெரிய கொடுமைக்கு ஒன்றுமே செய்யாமல் இருப்பதும் உண்டு. பிறரை ஏய்த்துப் பிழைக்கும் குழந்தைக்கு இயற்கை எந்தக் குளிர்காற்றையும் அனுப்புவதில்லை. இயற்கை ஒரு சொல்கூடச் சொல்லாமல் அடிக்கும், ஏன் அடிபட்டோம் என்பதை அடிபட்டவரே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும் என்று 1868இல் ஆங்கில உயிரியல் அறிஞர் தாமஸ் ஹக்ஸ்லி கூறினார். அந்த அடிக்கு முன்னால் ஒரு சொல்லைச் சேர்ப்பதற்குத்தான் கல்வி வேண்டியிருக்கிறது என்பது அவர் வாதம். இந்த இடத்தில் நான் ஹக்ஸ்லியின் பக்கமே நிற்கிறேன்.

இதைவிடக் கடுமையான குறை ஒன்று உண்டு. எமிலுக்கு இத்தனை உரிமைகளைக் கொடுத்த ரூசோ, நூலின் ஐந்தாம் பகுதியில் வரும் சோஃபி என்ற பெண்ணுக்கு அவற்றைக் கொடுக்கவில்லை. ஆணுக்கு உகந்தவளாக அமைவதே அவள் கல்வியின் நோக்கம் என்றார். வழக்கத்தையே இயல்பு என்று எடுத்துக்கொண்டதால் வந்த பிழை அது. 1792இல் ஆங்கில எழுத்தாளர் மேரி உல்ஸ்டன்கிராஃப்ட் இதை நேருக்கு நேர் மறுத்து எழுதினார். குழந்தைகளின் வழக்கறிஞராகப் பேசிய இந்த மனிதர், தம் ஐந்து குழந்தைகளையும் ஆதரவற்றோர் இல்லத்தில் விட்டுவிட்டதையும் மறைப்பதற்கில்லை. அதை அவரே பின்னாளில் எழுதி ஒப்புக்கொண்டார்.

ரூசோவின் சொல்லை அப்படியே நம்பிச் செய்து பார்த்தவர் ஒருவர் உண்டு. சுவிட்சர்லாந்தின் ஸூரிக் நகரில் 1746இல் பிறந்த கல்வியாளர் பெஸ்டலாட்சி, 1770இல் பிறந்த தம் ஒரே மகனுக்கு ரூசோவின் பெயரையே வைத்தார், அவருடைய நெறிப்படியே வளர்க்க முயன்றார், 1774இல் அந்த முயற்சியை நாட்குறிப்பாகவும் எழுதினார். உரிமைக்கும் கீழ்ப்படிதலுக்கும் இடையே அந்தத் தந்தை அலைபாய்வதை அதில் காணலாம். வலிப்பு நோயால் துன்புற்ற அந்த மகன் 1801இல் இறந்துபோனார். இத்தனை துன்பத்திலும் பெஸ்டலாட்சி இயற்கையைக் கைவிடவில்லை. அதைக் கற்பிக்கும் ஒழுங்காக மாற்றினார். போரில் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்காக 1799இல் ஸ்டான்ஸ் என்ற ஊரில் சில மாதங்கள் நடந்த இல்லத்தில் அவரே தாயாகவும் ஆசிரியராகவும் பணியாளராகவும் இருந்தார். சொல்லுக்கு முன் பொருள், விதிக்கு முன் காட்சி, எளியதிலிருந்து படிப்படியாக அடுத்தது என்று அவர் வகுத்த முறையைக் காண, பின்னாளில் இவெர்டோன் என்ற சுவிஸ் ஊரில் அவர் நடத்திய பள்ளிக்குப் பல நாட்டவர்கள் வந்தார்கள். அவர்களுள் ஒருவரான ஜெர்மன் கல்வியாளர் ஃபிரோபெல், தாம் தொடங்கிய குழந்தைப் பள்ளிக்கு 1840இல் 'குழந்தைகளின் தோட்டம்' (கிண்டர்கார்டன்) என்று பெயரிட்டார். ஜெர்மன் அரசுகளுள் ஒன்றான பிரஷ்யா 1851இல் அத்தகைய பள்ளிகளைத் தடை செய்தது, 1860இல் தடையை நீக்கியது.

செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம், களை எடுக்கலாம், பந்தல் போடலாம். இலையைப் பிடித்து இழுத்து வளர்க்க முடியாது. இது இயற்கைவாதிகள் பலரும் கையாண்ட உவமை. பந்தல் போடும் வேலையை மறந்துவிட்டு இழுக்காதே என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்பவர்களைப் பற்றியே நான் இவ்வளவு நேரமும் கவலைப்பட்டேன்.

'எமில்' நூல் முடியும் இடம் இந்தக் கவலைக்கு விடையாக அமைந்திருக்கிறது. எமில் வளர்ந்து, மணம் முடித்து, தந்தையாகப் போகும் நிலையில் ஒரு காலை ஆசிரியரிடம் ஓடி வருகிறான். என் மகனை நானே வளர்ப்பேன், அந்தப் பொறுப்பை உங்களிடம் விடமாட்டேன் என்கிறான். அடுத்த மூச்சிலேயே, ஆனால் நீங்கள் எங்களை விட்டுப் போகாதீர்கள், எங்களுக்கு வழி சொல்லுங்கள், இத்தனை நாளைவிட இப்போதுதான் நீங்கள் எனக்குத் தேவைப்படுகிறீர்கள் என்று கேட்டுக்கொள்கிறான்.

நன்றி. வணக்கம்.