லேமன் பிரதர்ஸுக்கும் நம்ம கரிசல் பருத்திக்கும் என்ன சம்பந்தம்?

2008 செப்டம்பர் 15. 600 பில்லியன் டாலருக்கு மேல் கடனோடு லேமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி திவால்! உலகமே ஆடிப்போனது. அந்தக் கம்பெனி ஆரம்ப காலத்தில் எந்த வியாபாரத்தில் வளர்ந்தது தெரியுமா? பருத்தி. அமெரிக்காவில் அலபாமா பக்கம் பருத்தித் தரகு செய்த அண்ணன் தம்பிகள்தான் லேமன்கள். வணக்கம் மக்களே, இன்றைக்கு அமெரிக்கப் பணச் சந்தையான வால் ஸ்ட்ரீட்டுக்குக் கோவில்பட்டி வழியாகப் போகிறோம்.

(திரையில்: பழைய திருநெல்வேலி ஜில்லா வரைபடம்)

1861-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர். வடக்குக் கடற்படை தெற்குத் துறைமுகங்களை அடைத்தது. லேமன்களின் சரக்கு முடங்கியது, இங்கிலாந்தின் லங்காஷயர் மில்கள் பஞ்சுக்கு அல்லாடின. உடனே எல்லோர் கண்ணும் இந்தியப் பருத்தி மேல். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் எல்லாம் அப்போது நம்ம திருநெல்வேலி ஜில்லாதான். தூத்துக்குடியில் கடல் ஆழம் கிடையாது. கப்பல் மைல் கணக்கில் தள்ளி நிற்கும், பொதிகள் தோணியில் போகும். இங்கிலாந்தின் லிவர்பூல் சந்தையில் பருத்தி விலை மூன்று மடங்கைத் தாண்டியது.

இங்கேதான் எனக்குப் பிடித்த இடம். விலை ஏறினால் என்ன நடக்கும்? கலப்படம்! பொதிக்கு மேலே நல்ல பஞ்சு, உள்ளே கொட்டையும் மண்ணும். பம்பாயில் 1863-ல் பருத்தி மோசடிக்கென்றே தனிச் சட்டம் போடும் அளவுக்குப் போனது. 2008-க்கு முந்தைய வருஷங்களில் அமெரிக்க வங்கிகள் செய்ததும் இதேதான்: திரும்பி வராத வீட்டுக் கடன்களை நல்ல கடனோடு சேர்த்துக் கட்டி, மேலே 'மும்மடங்கு ஏ' (AAA, ரொம்பப் பாதுகாப்பானது) என்ற தர முத்திரை வாங்கி, உலகம் பூராவும் விற்றார்கள். பொதியைப் பிரித்துப் பார்க்க ஒருத்தருக்கும் நேரமில்லை.

அப்புறம்? பருத்திப் பணம் பம்பாயில் பங்கு வெறியானது. 1865-ல் போர் முடிந்தது, விலை சரிந்தது. வாங்கிய கடன் மட்டும் சரியவில்லை. 1868-ல் பம்பாய் பேங்கையே மூடினார்கள். 1929-ல் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது, 1997-ல் ஆசிய நாடுகளில் வந்த நெருக்கடி எல்லாம் இதே பாட்டுதான்: விலை ஏறிக்கொண்டே இருக்கும் என்று நம்பிக் கடன் வாங்குவது.

சரி, இத்தனை சரிவுக்கு அப்புறம் முதலாளித்துவம் முடிந்துவிடுமா? முடியாது என்றுதான் நினைக்கிறேன். லேமன் விழுந்த மறுநாளே ஏஐஜி இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அமெரிக்க மத்திய வங்கியிடமிருந்து 85 பில்லியன் டாலர் கடன் வசதி கிடைத்தது. பருத்தி விலை விழுந்தால் கரிசல் சம்சாரிக்கு மறுநாளே யாராவது பணத்தோடு வருவார்களா? லாபம் பெரிய கம்பெனிகளுக்கு, நஷ்டம் ஊருக்கு என்கிற இந்த ஏற்பாடு இருக்கும்வரை முதலாளித்துவம் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

உங்கள் வீட்டில் பருத்தி போட்ட தாத்தா, ஆச்சி இருந்தால் அவர்கள் பார்த்த விலையைக் கமெண்டில் எழுதுங்கள். அடுத்த வீடியோ, 1906-ல் மெட்ராஸில் ஆர்பத்நாட் என்ற வங்கிக் கம்பெனி கவிழ்ந்த கதை.