கட்டாக்கில் கிடைத்த கோப்பை

(மாவட்ட மகளிர் கால்பந்துப் போட்டி ஒன்றின் தொடக்க விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெற்றோர்களே, பயிற்சியாளர்களே, பூட்ஸ் கட்டிய காலோடு பின்வரிசையில் காத்திருக்கும் என் தங்கைகளே, வணக்கம்.

2018 பிப்ரவரி 14. ஒடிசாவின் கட்டாக் நகரம். 2017-18ஆம் ஆண்டுக்கான தேசிய சீனியர் மகளிர் கால்பந்துப் போட்டியின் இறுதியாட்டம். எதிரில் நின்றது மணிப்பூர், அதுவரை 18 முறை கோப்பையை வென்ற அணி. தமிழ்நாடு ஒரு முறைகூட வென்றதில்லை. கடைசி விசில் ஊதியபோது ஆட்டம் 2-1. கோப்பை நம் பெண்களின் கையில் இருந்தது.

எதிர்பாராத வெற்றி என்று அன்றைக்குப் பலரும் சொன்னார்கள். எனக்கு அந்தச் சொல் இன்றுவரை உறுத்துகிறது. யார் எதிர்பார்க்கவில்லை? கடலூரிலும் மதுரையிலும் விடியற்காலை இருட்டில் அந்தப் பெண்களுக்குப் பந்து போட்டுக்கொடுத்தவர்கள் எதிர்பார்த்துத்தானே இருந்தார்கள்!

மணிப்பூரைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் போட்டியைப் பற்றிப் பேசினால் அது நன்றி மறந்த பேச்சு. சிறு மாநிலம் அது. ஆனால் அங்கே தெருவுக்குத் தெரு ஆட்டம் உண்டு; மாலையானால் பெண்கள் ஆடுவதைப் பார்க்க ஊரே வந்து நிற்கும். ஒய்னம் பெம்பெம் தேவி அந்த மண்ணில் பிறந்தவர். பையன்கள் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகச் சிறுவயதில் ஆண் பெயரைச் சொல்லிக்கொண்டு ஆடியவர். பிறகு இந்திய அணியின் தலைவியானார். 2017இல் அர்ஜுனா விருதும் 2020இல் பத்மஸ்ரீயும் பெற்றார். முன்கள வீராங்கனை பாலா தேவியும் மணிப்பூர்க்காரர்தான். 2020இல் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கிளப் அவரை அழைத்துக்கொண்டது. அப்படிப்பட்ட ஊரை வெல்ல வேண்டுமானால் ஒரு நாள் அதிர்ஷ்டம் காணாது.

நமக்கு என்ன இருந்தது? கடலூரைச் சொல்கிறேன். 2004 டிசம்பர் 26, கடல் பொங்கி வந்த நாள். பெற்றோரையும் வீட்டையும் இழந்த குழந்தைகளுக்காக அங்கே அரசு இல்லம் திறக்கப்பட்டது. அந்த இல்லத்தில் வளர்ந்த பெண் பிள்ளைகளில் சிலர் மாரியப்பன் என்ற பயிற்சியாளரிடம் பந்தைத் தொட்டார்கள். தொட்டவர்கள் விடவில்லை. மாநில அணிக்கு ஆடினார்கள். அவர்களில் இந்தியச் சட்டை போட்டவர்களும் உண்டு. அதே கடலூர்தான் இந்துமதி கதிரேசனுக்கும் ஊர். கட்டாக்கில் வென்ற அணியின் நடுக்களத்தில் நின்றவர் அவர். தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2020 ஊரடங்கின்போது சென்னைத் தெருக்களில் கடமையில் நின்றார். அந்த வேலையைக் குறிப்பாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. மாதச் சம்பளம் வந்தால்தான் இருபத்தைந்து வயதிலும் ஒரு பெண் ஆட முடிகிறது. இல்லாவிட்டால் எத்தனை நல்ல கால்கள் இருபது வயதில் சமையலறைக்குள் போய்விட்டன என்பதை இங்கே உள்ள பயிற்சியாளர்கள் என்னைவிட நன்றாக அறிவார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மைதானத்தில் நான் கண்ட காட்சியைச் சொல்ல வேண்டும். ஊர், பெயர் வேண்டாம். பெண்கள் அணிக்கு வந்த சட்டைகள் ஆண்களின் அளவு. ஒரு பெண்ணுக்குக் கழுத்து தோள்வரை இறங்கியது. ஊக்கு குத்தியிருந்தாள். ஆட்டத்துக்கு முன் சோதித்த நடுவர், ஊக்கோடு ஆடக் கூடாது என்றார். அவர் சொன்னது விதிப்படி சரி. அந்தப் பெண் மறுபேச்சுப் பேசவில்லை. ஊக்கைக் கழற்றித் தோழியிடம் கொடுத்துவிட்டு, பைக்குள்ளிருந்து ஊசியும் கறுப்பு நூலும் எடுத்தாள். எல்லைக் கோட்டுக்கு வெளியே சம்மணமிட்டு உட்கார்ந்து, உடுத்திய சட்டையோடேயே கழுத்தை இரண்டு மடிப்பாக இழுத்துத் தைத்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு உள்ளே ஓடினாள். ஊசியும் நூலும் தயாராக இருந்தனவே, அப்படியானால் இதற்கு முன் எத்தனை ஆட்டங்களுக்குத் தைத்திருப்பாள்? அன்றைக்கு ஆட்டத்தின் முடிவு எனக்கு மறந்துபோய்விட்டது. அந்தக் கறுப்பு நூல் மறக்கவில்லை.

ஆண்களுக்கான தேசியப் போட்டியாகிய சந்தோஷ் கோப்பை 1941இல் தொடங்கியது. அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் பெண்களுக்கு அப்படி ஒரு போட்டியை நடத்தியது 1991இல். ஐம்பது ஆண்டு இடைவெளி. அதற்காக நம் பெண்கள் சும்மா இருந்துவிடவில்லை. 1975இலேயே தனிச் சம்மேளனம் கண்டு ஆடினார்கள். 1980இலும் 1983இலும் ஆசியப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றார்கள். அந்த அணியில் ஆடிய சாந்தி மல்லிக் 1983இல் அர்ஜுனா விருது பெற்றார். கேட்பாரில்லாத காலத்திலேயே ஆசியாவில் இரண்டாம் இடம்!

இப்போது என் மனக்குறைக்கு வருகிறேன். தேசியப் போட்டி என்பது பல ஆண்டுகள் என்னவாக இருந்தது? ஆண்டுக்கு ஒரு முறை, ஏதோ ஓர் ஊரில், இரண்டு மூன்று வாரம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆட்டம். தோற்ற அணி ரயில் ஏறிவிடும். காலிறுதிக்குப் போகாத அணியின் பெண்ணுக்கு அந்த ஆண்டின் பெரிய ஆட்டங்களே ஒரு சிலதான். அதை ஓர் ஆட்டப் பருவம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கிளப் அணிகள் மோதும் இந்திய மகளிர் லீக் 2017இல் வந்தது. நம் மதுரை சேது கிளப் 2019இல் அதை வென்றது, மனம் குளிர்ந்தது. ஆனால் சொந்த ஊரிலும் எதிரணி ஊரிலும் மாறி மாறி ஆடும் முறை அந்த லீக்குக்கே 2023-24இல்தான் கிடைத்தது. பந்தைப் பழக்குவது பயிற்சி. ஆட்டக்காரியை ஆக்குவது ஆட்டம். ஒரு பெண் ஆண்டுக்கு முப்பது ஆட்டமாவது ஆட வேண்டும் என்பது என் கருத்து. அது மாவட்டத்தில் தொடங்கினால்தான் நடக்கும். டெல்லியில் தொடங்கி இங்கே இறங்கி வரும் என்று காத்திருந்தால் இந்தப் பின்வரிசைப் பிள்ளைகளுக்கு வயதாகிவிடும்.

2023 ஜூனில் அமிர்தசரஸில் தமிழ்நாடு மீண்டும் கோப்பையை வென்றது. ஹரியானாவுக்கு எதிராக, அதே 2-1. எதிர்பாராத வெற்றி என்று இரண்டாம் முறையும் சொல்ல முடியுமா? 2025இல் தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் அந்நாட்டு அணியை 2-1 என்று வென்று நம் இந்திய அணி ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. சங்கீதா பாஸ்ஃபோர் இரண்டு கோல் போட்டார். ஆண்கள் அணிக்கு வரும் கூட்டத்தில் பாதி வந்து கைதட்டினால்கூட இந்தப் பெண்கள் இன்னும் தூரம் போவார்கள்.

வெளியே கம்பத்தில் வலை கட்டி முடித்துவிட்டார்கள். முதல் ஆட்டம் நான்கு மணிக்கு. பெரியவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: பொன்னாடை போர்த்தி, தேநீர் குடித்ததும் காரில் ஏறிவிடாதீர்கள். மூன்றாவது ஆட்டம் முடிய இருட்டிவிடும் என்று தெரியும். அதுவரை இருங்கள். நானும் இருக்கிறேன்.