பல் எடுத்த மூன்றாம் நாள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பல் எடுத்து முடித்ததும் பஞ்சைக் கடிக்கக் கொடுப்போம். என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று சொல்வோம். நோயாளி தலையாட்டிவிட்டு எழுந்து போவார். கதவு வரை போனவர் திரும்பி வருவார். பாதி உதடு மரத்திருக்கும், வாயில் பஞ்சு இருக்கும். அப்படியே, "டாக்டர், ஆர்னிகா சாப்பிடலாமா?" என்பார். ஆர்னிகா ஒரு ஹோமியோபதி மருந்து. பல் மருத்துவராக இந்தக் கேள்வியை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. பெரும்பாலும் குரலைத் தாழ்த்தித்தான் கேட்கிறார்கள், ஏதோ தப்பை ஒப்புக்கொள்கிற மாதிரி. முன்பு யாராவது கோபித்துக்கொண்டிருப்பார்கள் போல.

எனக்குக் கோபம் வருவதில்லை. அதற்குக் காரணம் என் அம்மா.

அம்மாவிடம் ஒரு மரப்பெட்டி இருந்தது. திறந்தால் வரிசை வரிசையாகச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள், ஒவ்வொன்றிலும் வெள்ளை உருண்டைகள். மூடியின் மேல் அம்மாவின் கையெழுத்தில் மருந்தின் பெயர். அடிபட்டால் ஆர்னிகா. நரம்பில் சுரீரென்று வலித்தால் ஹைபெரிகம். வெட்டுக்காயம் ஆற கலெண்டுலா. இந்த மூன்றும்தான் இன்றைக்கும் பல் எடுத்தவர்களுக்கு அதிகமாகச் சொல்லப்படும் ஹோமியோபதி மருந்துகள். நான் பல் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கே கீழ்த் தாடையில் ஞானப்பல் குறுக்காகப் படுத்திருந்தது. ஈறைக் கிழித்து, எலும்பைக் கொஞ்சம் செதுக்கி எடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மா பெட்டியைத் திறந்தார். ஆர்னிகா 30, வேளைக்கு நான்கு உருண்டை, நாக்கின் அடியில்.

முதல் நாள் வலி. இரண்டாம் நாள் கன்னம் பந்து மாதிரி வீங்கியது. மூன்றாம் நாள் காலையில் கண்ணாடியில் பார்த்தபோது என் முகமே எனக்கு அடையாளம் தெரியவில்லை. அம்மா மட்டும் அசரவில்லை. வேளை தவறாமல் எழுப்பி, நெற்றியைத் தொட்டுப் பார்த்து, உருண்டைகளைக் கொடுத்தார். நான்காம் நாள் வீக்கம் வடியத் தொடங்கியது. "பார்த்தாயா, மருந்து பிடித்துவிட்டது" என்றார். நானும் நம்பினேன். படித்துக்கொண்டிருந்தேனே தவிர, அந்த நான்காம் நாள் காலையின் நிம்மதியில் எந்தப் பாடமும் நினைவுக்கு வரவில்லை.

நேயர்களே, இன்றைய பேச்சில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இந்த மூன்றாம் நாளை வைத்துக்கொள்ளுங்கள். பல் எடுத்த இடத்தில் வீக்கம் உடனே உச்சத்துக்கு வராது. நாற்பத்தெட்டு மணி நேரம் முதல் எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள்தான் உச்சத்தைத் தொடும். பிறகு தானாக வடியும். மருந்து சாப்பிட்டாலும் அப்படித்தான், சாப்பிடாவிட்டாலும் அப்படித்தான். நாம் எப்போது கூடுதலாக ஒரு மருந்தைத் தேடுவோம்? வலியும் வீக்கமும் மிக மோசமாக இருக்கும்போது. அதாவது மூன்றாம் நாள். மறுநாள் வடிகிறது. அப்போது வாயில் எது இருந்ததோ அதற்குப் பேர் கிடைக்கிறது. என் அம்மாவின் ஆர்னிகாவுக்குக் கிடைத்தது இந்தப் பேர்தான்.

சரி, அந்த உருண்டைக்குள் என்னதான் இருக்கிறது? ஹோமியோபதியை உருவாக்கியவர் சாமுவேல் ஹானிமன் என்ற ஜெர்மானிய மருத்துவர். 1796இல் தன் கருத்தை முதலில் எழுதினார், 1810இல் அதை முழு நூலாக்கினார். அவர் காலத்து மருத்துவம் கொடூரமானது. ரத்தத்தை வடிய விடுவார்கள், பேதிக்குக் கொடுப்பார்கள், பாதரசம் கொடுப்பார்கள். அதையெல்லாம் எதிர்த்து நின்றவர் ஹானிமன். நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து நீண்ட நேரம் கேட்டு மருந்து கொடுத்தவர். அந்த வகையில் அவர் மீது எனக்கு மரியாதை உண்டு.

ஆனால் 30 வீரியம் என்றால் என்ன என்பதை மனதுக்குள்ளேயே செய்து பாருங்கள். ஆர்னிகாச் செடியின் சாறு ஒரு சொட்டு. அதைத் தொண்ணூற்றொன்பது சொட்டு திரவத்தில் கலந்து குலுக்குங்கள். அதிலிருந்து ஒரு சொட்டு எடுத்து, மறுபடி தொண்ணூற்றொன்பது சொட்டில் கலந்து குலுக்குங்கள். இப்படி முப்பது தடவை. பன்னிரண்டாவது தடவையைத் தாண்டும்போதே, முதலில் இருந்த செடியின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அதற்கு மேல் இன்னும் பதினெட்டு தடவை. கடைசியில் அந்தத் திரவத்தைச் சர்க்கரை உருண்டையில் ஊற்றி உலர்த்துகிறார்கள். ஆகவே 30 வீரிய உருண்டை என்பது சர்க்கரை உருண்டை. அதனால் தீங்கும் இல்லை.

"கணக்கெல்லாம் இருக்கட்டும் டாக்டர், எனக்குக் கேட்டதே" என்பார்கள். நியாயமான பேச்சு. கணக்கை வைத்து அனுபவத்தைத் தள்ளிவிட முடியாது. சோதித்துத்தான் பார்க்க வேண்டும். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஒரு ஆய்வைச் சொல்லப் போகிறேன். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், கேட்கத் தகுந்தது.

நார்வேயில் செய்தார்கள். 1995இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. ஒரு மருந்தைச் சோதிப்பதில் பெரிய சிக்கல் என்ன? உங்கள் வலியும் என் வலியும் ஒன்றல்ல. ஒருவர் தாங்குவார், ஒருவர் துடிப்பார். உங்களுக்கு ஆர்னிகாவையும் எனக்கு வெறும் உருண்டையையும் கொடுத்து ஒப்பிட்டால், வித்தியாசம் மருந்தாலா, ஆளாலா என்று எப்படிச் சொல்வது? அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? இரண்டு பக்கமும் ஞானப்பல் எடுக்க வேண்டியிருந்த இருபத்து நான்கு பேரைச் சேர்த்தார்கள். ஒரு பக்கத்துப் பல்லை ஒரு நாள் எடுத்தார்கள், மறு பக்கத்துப் பல்லை வேறொரு நாள் எடுத்தார்கள். ஒரு முறை ஹோமியோபதி மருந்து, ஒரு முறை வெறும் உருண்டை. எந்த முறை எது என்று நோயாளிக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. ஒரே ஆள், ஒரே வாய், ஒரே மாதிரிப் பல், ஒரே மாதிரி அறுவை. ஒருவரை அவரோடேயே ஒப்பிடுகிறார்கள்! இதை முதலில் படித்தபோது, இவ்வளவு எளிமையாக யோசித்திருக்கிறார்களே என்று வியந்துபோனேன்.

இன்னொன்றும் செய்தார்கள். எல்லாருக்கும் ஒரே மருந்து என்று திணிக்கவில்லை. ஹோமியோபதி முறைப்படி ஆளுக்கு ஏற்ற மருந்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆர்னிகா, ஹைபெரிகம், ஸ்டாஃபிசாக்ரியா, லீடம், பாஸ்பரஸ் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. அதனால் "சரியான மருந்தைக் கொடுக்கவில்லை" என்று சொல்லிவிட முடியாது.

முடிவு என்ன? வலி இரண்டு முறையும் ஏறக்குறைய ஒன்றே. வீக்கத்திலும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. ரத்தக்கசிவிலும் இல்லை. வாயைத் திறக்க முடிகிற அளவில் மட்டும் மருந்தின் பக்கம் லேசான சாய்வு தெரிந்தது. இருந்ததை இருந்தபடி சொல்ல வேண்டும் என்பதால் அதையும் சொல்கிறேன். அதற்கு முன்பே, 1984இல், ஞானப்பல் எடுத்தவர்களிடம் ஆர்னிகாவைச் சோதித்த ஆய்வு ஒன்றும் வெளிவந்தது. அதில் ஆர்னிகா எடுத்தவர்களுக்கு வலி குறையவில்லை.

அப்படியானால் அம்மா கொடுத்தபோது எனக்கு இதமாக இருந்ததே, அது பொய்யா? பொய்யில்லை. இதற்கும் ஞானப்பல்லே பதில் வைத்திருக்கிறது. 1978இல் அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவில் மூன்று ஆய்வாளர்கள், ஞானப்பல் எடுத்தவர்களுக்கு மருந்தே இல்லாத ஊசியைப் போட்டார்கள். சிலருக்கு அதிலேயே வலி குறைந்தது. பிறகு நலோக்சோன் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். நம் உடம்பு தானே சுரக்கிற, அபின் போன்ற வலி நீக்கிகளை வேலை செய்ய விடாமல் தடுக்கும் மருந்து அது. வெறும் ஊசியில் வலி குறைந்தவர்களுக்கு, அதைக் கொடுத்ததும் வலி கூடியது. அதாவது, மருந்து வந்துவிட்டது என்று நம்பியபோது அவர்கள் உடம்பே வலி நீக்கியைச் சுரந்திருக்கிறது. வேளைக்கு எழுப்பி, நெற்றியைத் தொட்டுப் பார்த்த அம்மாவின் கை இருக்கிறதே, அது வேலை செய்தது. உருண்டை வேலை செய்ததாக நாங்கள் இருவரும் நினைத்துக்கொண்டோம்.

அதனால் கதவருகே நின்று கேட்பவருக்கு என் பதில் இதுதான். சாப்பிடுங்கள், தடுக்கவில்லை. ஆனால் அதை நம்பி மற்றதை விட்டுவிடாதீர்கள். 30 வீரிய உருண்டையைப் பற்றித்தான் சொல்கிறேன். தாய்த் திரவம் என்கிறார்களே, ஆர்னிகாவின் மதர் டிங்சர், அது வேறு. அதில் செடியின் சாறு நிஜமாகவே இருக்கிறது. ஆர்னிகாச் சாறு உள்ளே போனால் நஞ்சு. பல் எடுத்த புண்ணில் அதைத் தடவக் கூடாது, விழுங்கவும் கூடாது.

மற்றது என்றேனே, அது என்ன? பல் எடுத்த குழியில் ரத்தம் உறைந்து ஒரு கட்டியாக நிற்கும். அதுதான் உண்மையான மருந்து. எலும்பையும் நரம்பையும் மூடிக் காப்பது அது. புதுச் சதை அதன் மேல்தான் வளரும். அதைக் காப்பாற்றுவதுதான் நம் வேலை முழுவதும். பஞ்சை முக்கால் மணி நேரமாவது அழுத்திக் கடியுங்கள், அடிக்கடி எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். முதல் நாள் கொப்பளிக்கவே கூடாது, காறித் துப்பக் கூடாது, உறிஞ்சுகுழாய் வைத்துக் குடிக்கக் கூடாது. புகை கூடவே கூடாது. முதல் நாள் கன்னத்தின் மேல் துணி சுற்றிய பனிக்கட்டியை வைத்து வைத்து எடுங்கள். மறுநாளிலிருந்து ஒரு தம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டு, வாயில் வைத்துத் தலையை மெல்லச் சாய்த்து, தானாக வெளியே விழ விடுங்கள். வேகமாகக் கொப்பளித்தால் அந்தக் கட்டி போய்விடும்.

வலிக்கு, இபுப்ரோஃபெனும் பாராசிட்டமாலும் சேர்ந்து நன்றாகவே வேலை செய்யும். ஞானப்பல் எடுத்தவர்களிடம்தான் இதையும் சோதித்தார்கள். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள், கர்ப்பிணிகள், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள் இபுப்ரோஃபெனைக் கேட்காமல் தொடக் கூடாது. பாராசிட்டமால் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு மொத்தம் நான்கு கிராமைத் தாண்டக் கூடாது. சளி மாத்திரைக்குள்ளும் அது இருக்கும், அதையும் கணக்கில் சேருங்கள். வலிக்கிற இடத்தில் ஆஸ்பிரினை வைத்து அடக்கிக்கொள்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், ஈறு வெந்துவிடும்.

மறுபடியும் மூன்றாம் நாளுக்கு வருகிறேன். அன்றைக்குப் பிறகு எல்லாம் குறைய வேண்டும். குறைவதற்குப் பதிலாக வலி புதிதாகக் கிளம்பி, காது வரை இழுத்து, வாயில் கெட்ட வாடையும் சுவையும் வந்தால், அந்த ரத்தக் கட்டி போய்விட்டது என்று பொருள். டிரை சாக்கெட் என்போம். ஒருவர் இந்த வலியோடு ஐந்து நாள் வீட்டிலேயே இருந்தார். ஆர்னிகா கேட்கவில்லை என்று ஹைபெரிகம், அதுவும் கேட்கவில்லை என்று வீரியத்தைக் கூட்டி, இப்படி மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறார். ஐந்து இரவு தூங்கவில்லை. குழியைக் கழுவி, மருந்துத் துணியை வைத்தேன். அன்றைக்கு மாலையே வலி வெகுவாக அடங்கியது. அந்த ஐந்து இரவுகளை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு கனக்கிறது. உருண்டை அவருக்கு எந்தக் கெடுதலும் செய்யவில்லை. காத்திருக்க வைத்தது, அவ்வளவுதான். என் கவலையெல்லாம் அந்தக் காத்திருப்பைப் பற்றித்தான்.

விழுங்க முடியவில்லை, மூச்சு விடக் கஷ்டம், வீக்கம் தாடையின் அடியிலோ கழுத்திலோ இறங்குகிறது, காய்ச்சல் அடிக்கிறது, அழுத்திக் கடித்தும் ரத்தம் நிற்கவில்லை. இதில் எது வந்தாலும் அந்த நிமிடமே கிளம்புங்கள். மூச்சும் விழுங்குவதும் சிரமமானால் நேராக அவசரப் பிரிவுக்கு.

நேரம் முடிகிறது என்று எதிரே கை காட்டுகிறார்கள். குழந்தைகளைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், அவசரமாக ஒன்று மட்டும் சொல்கிறேன். பல் முளைக்கிற குழந்தைக்குக் கொடுக்கிற ஹோமியோபதி மாத்திரைகளில் சிலவற்றில் பெல்லடோனா என்ற நச்சுச் செடியின் அளவு தாறுமாறாக இருந்ததை, சில சமயம் லேபிளில் சொன்னதைவிட மிக அதிகமாக இருந்ததை, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017இல் கண்டுபிடித்தது. அந்த மாத்திரைகள் வேண்டாம். சுத்தமாகக் கழுவிய விரலால் ஈறை மெல்லத் தேய்த்துவிடுங்கள், கடிக்கக் குளிர்ந்த ரப்பர் வளையம் கொடுங்கள். வணக்கம்.