அக்கா கொடுத்த கிட்னியோடு சர்க்கரையும் வந்துவிட்டதா?

இந்தக் கேள்வியை மூன்று நாளாக மனதில் வைத்துக்கொண்டே திரிகிறேன். ஒரு தங்கை எழுதியிருக்கிறார். அண்ணனுக்கு 41 வயது, மூத்த அக்கா கிட்னி கொடுத்து ஐந்து மாதம் ஆகிறது, கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் நன்றாக இருக்கிறது. ஆனால் இதுவரை இல்லாத சர்க்கரையும் கொலஸ்ட்ராலும் வந்துவிட்டன, "அக்கா கிட்னி வழியாக வந்ததா டாக்டர்?" வீட்டில் அப்படி ஒரு பேச்சு ஓடுகிறதாம். பாவம் அந்த அக்கா.

கிட்னியில் ஏறிக்கொண்டு சர்க்கரை வராதம்மா. பெரும்பாலும், புதுக் கிட்னியை உடம்பு ஒதுக்கித் தள்ளாமல் இருக்கப் போடுகிற மாத்திரைதான். டாக்ரோலிமஸ் கணையத்தில் இன்சுலின் சுரப்பைக் குறைக்கும், ஸ்டீராய்டு இருக்கிற இன்சுலினையும் வேலை செய்ய விடாது. அப்புறம் டயாலிசிஸ் காலத்தில் வாழைப்பழம், இளநீர் எதையும் தொடாமல் இருந்த மனிதருக்கு இப்போதுதான் வாய் ருசிக்கிறது, எடையும் ஏறும். அதோடு, பழுதான கிட்னி இன்சுலினைச் சீக்கிரம் கழிக்காது, புதுக் கிட்னி கழித்துவிடும். அதனால் முன்பு மறைந்திருந்த சர்க்கரையும் வெளியே தெரியும்.

பழைய நேயர்களுக்குத் தெரியும், ஸ்டீராய்டு வீடியோவிலேயே தொண்டை வறளச் சொன்னேன்: வெறும் வயிற்றுச் சர்க்கரையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். காலையில் பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை போட்டால் மதியத்திலிருந்து சர்க்கரை ஏறும், விடிவதற்குள் இறங்கிவிடும். என்னிடம் ஒருவர் நோட்டு நிறைய 92, 98, 95 என்று அழகாக எழுதிக்கொண்டு வந்தார். ராத்திரி நாலு தடவை எழுந்து ஒன்றுக்குப் போகிறேன், புதுக் கிட்னி பிரமாதமாக வேலை செய்கிறது என்று அவருக்கு ஒரே சந்தோஷம்! மதியச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்த்தால் 286. ராத்திரி எழுப்பிவிட்டது அந்தச் சர்க்கரைதான். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) பார்த்தால் போதாதா என்பீர்கள். ரத்தசோகை, ரத்தம் ஏற்றியது எல்லாம் இருக்கும் முதல் சில மாதங்களில் அதையும் முழுதாக நம்ப முடியாது. மதியத்துக்கு மேல் பாருங்கள், மதியத்துக்கு மேல்.

அதற்காக டாக்ரோலிமஸை நீங்களாக நிறுத்தினால் கிட்னியே போய்விடும். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டாக்டர் வேலை. ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைத்திருக்கிறோம், அதில் சர்க்கரையும் ஏறினால் சிறுநீர்த் தொற்று, ஆறாத புண் என்று வரிசையாக வரும்.

கொலஸ்ட்ராலும் அதே கதைதான். ஸ்டீராய்டு, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மற்ற மாத்திரைகளான சைக்ளோஸ்போரின், சிரோலிமஸ் எல்லாமே ஏற்றும். கிட்னி நன்றாக இருக்கும்போதே மாரடைப்பில் போகிறவர்கள் உண்டு, ஆகவே கொலஸ்ட்ராலுக்கு மாத்திரை தேவைப்படலாம். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் போடுவதை வாங்கிப் போடாதீர்கள். சைக்ளோஸ்போரினோடு சிம்வாஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை சேரவே கூடாது, தசை கரைந்து அந்தக் கழிவு புதுக் கிட்னியையே அடைத்துவிடும்.

சரி, அண்ணனைப் பற்றி இவ்வளவு கேட்டீர்களே, அக்காவை யாராவது கவனித்தீர்களா? ஒரே அப்பா அம்மா பிள்ளைகள், அவருக்கும் பின்னால் சர்க்கரை வரலாம், இருப்பதோ ஒரு கிட்னி. வருடம் ஒரு தடவை சர்க்கரை, பிரஷர், கிரியாட்டினின், சிறுநீரில் புரதம் எல்லாம் பார்க்க வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் செக்கப்புக்குப் போனாரா, இல்லையா? அதை எனக்கு எழுதுங்கள்.