கரித்தீக்கு முன்னால்

(பாம்பன் பக்கத்து மீனவ ஊர் ஒன்றில், தவக்காலக் கூட்டத்தில் பேசியது)

அன்பான சகோதர சகோதரிகளே, செவுளைத் தூக்கிப் பார்த்தாலே இது இன்றைக்குப் பிடித்த மீனா, ஐஸில் நாலு நாள் கிடந்ததா என்று சொல்லிவிடுகிற ஆட்கள் நீங்கள். ஆனால் போனில் தினமும் ஏற்றுகிறோமே நம் முகம், அதன் செவுளை யார் தூக்கிப் பார்க்கிறோம்? முகத்துக்கு ஃபில்டர் இருக்கிறது. செபத்தைக்கூட ஏஐ எழுதித் தருகிறது, அதை ஸ்டேட்டஸில் வைத்துவிட்டு எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். வெளிவேடக்காரரைப் போல இருக்காதீர்கள் என்று மத்தேயு 6-இல் இயேசு சொல்கிறார் இல்லையா, அங்கே இருக்கிற கிரேக்கச் சொல்லுக்கு முதல் பொருளே நாடக நடிகன் என்பதுதான்.

நானும் நடித்திருக்கிறேன். கடல்பாசி எடுக்கப் போகிற ஓர் அக்காவுக்கு, வீட்டுக்காரர் இறந்தபின், அரிசி மூட்டை கொண்டுபோய்க் கொடுத்தோம். போட்டோ சரியாக விழவில்லை. "அக்கா, இன்னொரு தடவை வாங்குற மாதிரி நில்லுங்க" என்றேன். பாறை அறுக்காமலிருக்க விரல்களில் சுற்றிய துணிகூட அவிழ்க்காத ஈரக் கையோடு அவர் மறுபடியும் மூட்டையைப் பிடித்தார். ஏற்றிய போட்டோவின் கீழே ஒரு வேதவசனமும் போட்டேன்.

இந்த நினைப்பு உறுத்தும்போதெல்லாம் நான் இயேசுவின் சீடர் பேதுருவிடம் போவேன். யோவான் நற்செய்தியில் கரித்தீ இரண்டே இடத்தில்தான் வருகிறது. 18ஆம் அதிகாரத்தில், இயேசுவைப் பிடித்துக்கொண்டுபோன இரவில், குளிர்காய்ந்துகொண்டே பேதுரு "நான் அவரைச் சேர்ந்தவன் அல்ல" என்கிறார். 21இல் உயிர்த்தெழுந்த இயேசு நிற்கிற கடற்கரை, விடியற்காலை, அதே கரித்தீ, மேலே மீன் (வலையில் 153 என்று எண்ணி எழுதியிருக்கிறதே, கரைக்காரர்களுக்குத்தான் அந்தக் கணக்கின் அருமை தெரியும்). எல்லாரும் ஓடினாலும் நான் ஓடமாட்டேன் என்று முன்பு மார்தட்டிய மனுஷன், இயேசு மூன்றாம் தடவை "என்மீது உனக்கு அன்பு உண்டா" என்று கேட்டபோது மனம் நொந்து, "ஆண்டவரே, உமக்கு எல்லாம் தெரியும்" என்கிறார். இப்போது அவரிடம் காட்டிக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை. விசுவாசம் என்று நான் சொல்வது இதைத்தான், எல்லாம் தெரிந்த ஒருவர் முன்னால் ஒளியாமல் உட்காருவது.

நம் ஓரியூர் அருளானந்தரை, அதாவது இயேசு சபைக் குரு ஜான் டி பிரிட்டோவைப் பற்றிச் சிலர் கேட்பார்கள், லிஸ்பனில் பிறந்தவர் காவி கட்டி, மரக்கறி சாப்பிட்டு, பண்டாரசாமி என்கிற துறவி மாதிரி அலைந்தது மட்டும் வேடம் இல்லையா என்று. நியாயமான கேள்வி. 1686இல் மறவர் நாட்டில் பிடித்து வதைத்து, இனி இங்கே வராதே என்று விட்டார்கள். ஐரோப்பாவுக்குப் போனவர் அங்கேயே நிம்மதியாக இருந்திருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். திரும்பி வந்தார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலையை வெட்டினார்கள். அதற்கு முந்தின நாள் காவலில் மை இல்லாமல், கரியைத் தண்ணீரில் கரைத்துக் குச்சியால் தொட்டுக் கடிதம் எழுதினார், சாகப்போகிற சந்தோஷத்தை. உடம்பில் இருந்த காவிக்கும் அந்தக் கடிதத்துக்கும் நடுவில் எனக்கு ஒரு இடைவெளியும் தெரியவில்லை. வேடம் என்றால் உயிருக்கு ஆபத்து வரும்போது கழற்றிப் போட்டிருப்பார்.

போன மாதம் அந்த அக்கா வீட்டுக்குப் போனேன். போனை வண்டியிலேயே வைத்துவிட்டேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை, அப்புறம் எப்படியோ கேட்டேன். அவர் அடுப்பை ஊதிக்கொண்டே, "அந்தப் படத்த வச்சுப் பள்ளிக்கூடத்துல புள்ளைய கேலி பண்ணுனாங்க தம்பி, ரெண்டு நாளு போகல" என்றார். எனக்கு அது தெரியவே தெரியாது. வண்டிக்கு ஓடிப்போய்ப் போனை எடுத்துவந்து, அவர் பார்க்க அந்தப் படத்தை அழித்தேன். மகள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடமும் கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை, உள்ளே போய்விட்டாள். அக்காதான் ஒரு தட்டை எடுத்துவைத்து, "உக்காருங்க, சாப்பிட்டுப் போகலாம்" என்றார்.